குளித்து முடித்தவர்கள்

கைப்பிடி கருணாகரனின் கையோடு வந்துவிட்டது.

ஆடிக் கழன்று விழுந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. பால்பல் விழுவதுபோல, வலியே இல்லாமல், திருகாணிகளோடு உள்ளங்கையில் வந்து உட்கார்ந்துகொண்டது. போன வாரம் அவரே மாட்டிய கைப்பிடி. "கார்பென்டரைக் கூப்பிடுங்க" என்று மனைவி ஜெயஸ்ரீ சொன்னபோது, "ஒரு கைப்பிடி மாட்டத் தெரியாதவனா நான்?" என்று கேட்டிருந்தார். அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் இப்போது கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

சின்ன பாத்ரூமுக்குள் நின்றார் என்பதுதான் விஷயம். கார்த்திகை மழையில் ஊறி ஊதிப்போன மரக்கதவு, சட்டத்துக்குள் ஆப்பு அடித்ததுபோல் இறுகியிருந்தது. உள்பக்கமாகத் திறக்கும் கதவு. வெளியிலிருந்து யாராவது தோளால் ஒரு தள்ளு தள்ளினால் போதும். உள்ளேயிருந்து இழுப்பதற்கோ நகம் நுழையும் இடம்கூட இல்லை.

தள்ளுவதற்கு வெளியே ஆள் கிடையாது. ஜெயஸ்ரீ அண்ணன் மகள் வளைகாப்புக்குத் திருநெல்வேலி போயிருந்தாள். வாசல் கதவுக்கு உள்ளே தாழ்ப்பாளும் போட்டுச் சங்கிலியும் மாட்டியவர் இவரேதான். "தனியா இருக்கீங்க, கதவைப் பூட்டிக்கிடுங்க" என்று அவள் சொல்லிவிட்டுப் போனாள். மனைவி சொல்லைக் கேட்டு நடந்த அபூர்வமான நாள் இது. அதன் பலனைக் கைமேல் கண்டார்.

ராஜா அண்ணாமலைபுரத்தின் அந்தப் பழைய அடுக்ககத்தில் அவருக்கு லிட்டர் மாமா என்று பெயர். முகத்துக்கு நேரே மாமா, முதுகுக்குப் பின்னால் லிட்டர். லாரித் தண்ணீருக்காக எல்லோரும் கேட் வாசலில் தவம் கிடந்த ஒரு கோடைக்குப் பிறகு, வீட்டுக்கு வீடு, குழாய்க்குக் குழாய் மீட்டர் மாட்ட வைத்தவர் அவர். எந்த வீட்டில் எந்தக் குழாயில் எவ்வளவு போகிறது என்பது போனிலேயே தெரியும். வேண்டுமானால் போனிலிருந்தே குழாயை அடைக்கவும் செய்யலாம். தி. நகர் ஜவுளிக்கடையில் வாழ்நாளெல்லாம் துணி அளந்தவர், ஓய்வுபெற்ற பிறகு அளக்க வேறெதுவும் அகப்படாமல் தண்ணீரை அளந்துகொண்டிருந்தார்.

மதியத் தூக்கத்திலிருந்து அவரை எழுப்பியதும் அந்தப் போன்தான். 'பெரிய பாத்ரூம்: தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது.' எழுந்து போய்ப் பார்த்தார். குழாய் மூடியிருந்தது. தரை காய்ந்து வெளுத்திருந்தது. ஜெயஸ்ரீ கவிழ்த்துவைத்துப் போன பக்கெட் கவிழ்த்தபடியே கிடந்தது. சரி, இரண்டு பாத்ரூம் மீட்டருக்கும் பெயரை மாற்றிப் பதிந்துவிட்டார்கள், வேறென்ன என்று அடுத்த கதவைத் திறந்து இங்கே வந்தார். இங்கே மீட்டர் கதவுக்குப் பின்னால் இருந்தது. கதவைச் சாத்தினால்தான் கண்ணில் படும். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்த மேதை யார் என்று கேட்க வேண்டியதில்லை. காலால் ஓர் உதை விட்டுக் கதவைச் சாத்தி, குனிந்து பார்த்தார். மீட்டரின் சின்னச் சக்கரம் அசையாமல் நின்றது. நிமிர்ந்து, கைப்பிடியை இழுத்தார்.

கைப்பிடியும் கையுமாக நின்றபோதுதான், சுவருக்கு அந்தப் பக்கம், பெரிய பாத்ரூமில், யாரோ ஒரு மக் தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டார்கள்.

தரையில் நேராக விழும் தண்ணீருக்கு ஒரு சத்தம் உண்டு. உச்சந்தலையில் விழுந்து, இரண்டு தோளிலும் உடைந்து, முதுகில் வழுக்கி, முழங்கால் மடிப்பில் ஒரு கணம் தங்கி, குதிகாலைத் தொட்டுத் தரைக்கு வந்து சேரும் தண்ணீருக்கு வேறொரு சத்தம் உண்டு. குளிக்கிற எவருக்கும் தெரிந்த அந்த இரண்டாவது சத்தம்தான், ஈரச் சுண்ணாம்பு வாசம் அடிக்கும் சுவர் வழியாக, அவருடைய காதுக்கு முழம் தள்ளி, மெல்ல, அவசரமே இல்லாமல் கேட்டது.

"தாயம்மா?" என்று கூப்பிட்டார். வேலைக்கு வரும் தாயம்மாவுக்கு இன்று லீவு என்பதும், சங்கிலி மாட்டிய கதவு வழியாகத் தாயம்மா அல்ல, கொசு வருவதே கஷ்டம் என்பதும் கூப்பிட்ட பிறகுதான் நினைவுக்கு வந்தது.

சத்தம் நின்றது.

ஜன்னலுக்கு வெளியே, காற்றுக்காக விட்ட ஷாஃப்டில் மழை சொட்டியது. ஒரு மிடறு அளவு நேரம். பிறகு மக் மறுபடியும் பக்கெட்டுக்குள் போயிற்று.

முதலில் மீட்டர்காரரான ஷோயபைக் கூப்பிட்டார். மனிதன் பயப்படும்போது தனக்குத் தெரிந்த துறைக்குத்தான் ஓடுகிறான்.

"சொல்லுங்க லிட்... கருணாகரன் சார்."

"ஷோயப் பாய், ஒரே கேள்வி. என் வீட்டு மீட்டர் சரியா, தப்பா?"

"அதாவது சார், மழைக்காலத்துல சென்சார்ல ஈரம் பட்டா..."

"தண்ணி மீட்டர்ல ஈரம் பட்டாக் கெட்டுப்போயிடுமா?"

"அப்டி இல்ல சார். பொதுவா சொன்னேன்."

"பெரிய பாத்ரூம்ல தண்ணி போகுதுன்னு காட்டுது. வீட்ல என்னைத் தவிர யாரும் இல்ல. சரியா, தப்பான்னு சொல்லுங்க."

"இங்க எனக்கும் ஓடறதாத்தான் காட்டுது. அதுக்காக சரின்னும் சொல்ல முடியாது, தப்புன்னும் சொல்ல முடியாது. கம்ப்ளெய்ன்ட் போட்டுர்றேன் சார். நாளைக்கு ஆள் வரும். சார், வீட்ல விசேஷமா?"

"ஏன்?"

"இல்ல, ஒருத்தர் குளிக்கிற மாதிரி இல்லியே. ஒருத்தர் முடிச்சு அடுத்தவர் போற மாதிரி இருக்குது. அதான் கேட்டேன்."

அவர் சொன்னது சரிதான். போன் திரையில் ஒரு கோடு ஏறியது, இறங்கியது. சுவருக்கு அப்பால் கதவுத் தாழ் விலகும் ஓசை. ஈரக் கால்கள் நடையில் நடந்தன. அதே வழியில் வேறு கால்கள், காய்ந்தவை, உள்ளே போயின. தாழ். மக். முதலில் குளித்தவர் நிதானஸ்தர். இவர் படபடவென்று ஊற்றிக்கொண்டார், சீக்கிரம் முடித்துவிட்டு எங்கோ போக வேண்டியவர்போல. யாரும் பேசவில்லை. ஓர் இருமல்கூட இல்லை.

வாட்ச்மேன் அய்யாதுரைக்குப் போன் போட்டார்.

"இன்னா சார், பாத்ரூம்ல மாட்டிக்கினீங்களா?" அந்தச் சிரிப்பு கேட்டில் ஆரம்பித்துப் படிக்கட்டு ஏறி முதல் மாடி வரைக்கும் வந்தது. வாசல் கதவு குலுங்கும் சத்தம் கேட்டதும் கருணாகரனுக்கு உயிர் வந்தது.

"சார், உள்ள தாப்பா போட்டுகீது."

"எனக்குத் தெரியும்யா, நான்தான் போட்டேன். ஒடைச்சுட்டு வா."

"தேக்கு சார் இது. என் தோளுதான் ஒடையும். உள்ள கீறவங்கள தொறக்கச் சொல்லு சார்."

"உள்ள யாரும் இல்ல. நான் மட்டும்தான்."

வாசல் கதவின் குலுக்கல் நின்றது.

"தமாசு பண்ணாத சார். ஆளு நடமாட்டம் கேக்குதே. யாரோ ஈரத் துணியப் பிழியறாங்க." அய்யாதுரையின் குரலில் இருந்த சிரிப்பு மெல்லக் கழன்றது. "நா போய் கார்பென்டர இட்டுக்கினு வந்துர்றேன்." கால்கள் படியிறங்கின. சற்று வேகமாகவே இறங்கின.

போலீசைக் கூப்பிடலாம். கூப்பிட்டு என்ன சொல்வது? சார், நான் ஒரு பாத்ரூமில் இருக்கிறேன், பக்கத்துப் பாத்ரூமில் யாரோ அடுத்தடுத்துக் குளிக்கிறார்கள், திருட்டு எதுவும் இல்லை, தண்ணீர்தான் செலவாகிறது. லிட்டர் மாமா என்ற பெயர் காவல் நிலையம் வரைக்கும் போய்ச் சேரும்.

ஷாஃப்டுப் பக்கக் கண்ணாடிச் சட்டங்கள் வழியாக வந்த வெளிச்சம் சாம்பலிலிருந்து கறுப்புக்கு இறங்கிக்கொண்டிருந்தது. சுவிட்ச் கதவுக்கு வெளியே. யாராவது போட்டால்தான் விளக்கு. யாரும் போட்டுவிடக் கூடாது என்று முதல்முறையாக நினைத்தார்.

போன் அடித்தது. ஜெயஸ்ரீ. பின்னணியில் பெண்களின் சிரிப்பும் வளையல் சத்தமும்.

"என்னங்க, சாப்ட்டாச்சா?"

"ஆச்சு. மெஸ்ஸுல இட்லி."

"குரல் என்ன ஒருமாதிரி கெடக்கு? சளியா?"

"இல்லம்மா. மழை." சொல்லிவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால், கையில் சந்தனத்தோடு நிற்கிறவளிடம் என்ன சொல்வது? "நீ எப்ப வர்ற?"

"ராத்திரி வண்டி. விடியக்கால எழும்பூர். ஆட்டோ புடிச்சு நானே வந்துருதேன், நீங்க தூங்குங்க. ஆமா, குளிச்சாச்சா?"

அவள் தினமும் கேட்கிற கேள்வி. முப்பது வருடமாக அவர் பொய் சொல்லிவரும் கேள்வி. ஆனால் அவள் கேட்டதும் சுவருக்கு அப்பால் தண்ணீர் நின்றது. நடையில் கால்கள் நின்றன. வீடு முழுவதும் அவருடைய பதிலுக்குக் காது கொடுத்தது.

"இன்னும் இல்ல" என்றார், மிக மெல்ல.

அந்தப் பக்கம் யாரோ மக்கைத் தரையில் வைத்தார்கள். அவ்வளவுதான். இனி அது வேண்டாம் என்பதுபோல.

"ரெண்டு நாளா குளிக்கலியா? தண்ணிய மிச்சம் புடிக்கேன்னு நாறிக்கிட்டுக் கெடங்க. வச்சிருதேன்."

வைத்துவிட்டாள். போன் திரையில் கிராஃப் மட்டும் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். பல் பல்லாக, ஒரே அளவில், அடுத்தடுத்து நிற்கும் கோடுகள். இதை எங்கேயோ பார்த்திருக்கிறோம்.

நல்லசிவம் வீட்டில்.

போன மாதம் கீழ்வீட்டு நல்லசிவம் தவறியபோது, மாலையும் கையுமாக நின்ற கருணாகரனின் போனுக்கு அந்த வீட்டின் தண்ணீர் எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தது. துக்க வீட்டில் கிராஃப் பார்த்த முதல் மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும். பார்க்காமல் இருக்க முடியவில்லை. அடுக்களைக் கோடு காலையிலிருந்து தரையோடு தரையாகக் கிடந்தது, அடுப்பு எரியவில்லை. உடம்பைக் குளிப்பாட்டியபோது உயரமாக ஒற்றைக் கோடு. எடுத்துக்கொண்டு போனதும் வீட்டைக் கழுவியதில் அகலமாக ஒரு மேடு. கடைசியில், சுடுகாட்டுக்குப் போய் வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தலை முழுகியதில் இதே பல்வரிசை.

தன் வீட்டு அடுக்களைக் கோட்டைப் பார்த்தார். தரையோடு தரை. அவர் வீட்டிலும் இன்று அடுப்பு எரியவில்லை. பொட்டல இட்லி.

ஆனால் இங்கே பல்வரிசை முதலில் வந்திருக்கிறது. முடிவில் வர வேண்டியது முதலில். அப்படியானால் இது அது இல்லை. இருக்க முடியாது. தனக்குத் தானே ஒரு சிரிப்புச் சிரித்துக்கொண்டார். தொண்டையில் காற்று மட்டும் வந்தது.

போன் அதிர்ந்தது. 'பால்கனிக் குழாய்: தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது.'

பக்கெட்டில் தண்ணீர் நிறையும் இரைச்சல் ஹாலைத் தாண்டி வந்தது. பிறகு அந்தத் தண்ணீர் மொசைக் தரையில் வீசி அடிக்கப்படும் ஓசை. பிறகு தென்னந்துடைப்பம், ஹாலின் மூலையிலிருந்து மூலைக்கு, சோபாவுக்கு அடியில், பூஜை அலமாரிக்கு முன்னால், வீட்டின் ஒவ்வொரு சந்தும் தெரிந்த கைகள் தேய்ப்பதுபோல, வரட் வரட்டென்று, நடையை நோக்கி வந்துகொண்டிருந்தது.

அகலமான மேடு. வீடு கழுவுகிறார்கள்.

சாவு வீட்டு வரிசை பின்னாலிருந்து முன்னால் வருகிறது.

பால்கனிக் குழாயை அடைக்கும் பொத்தானை அழுத்தினார். 'அடைக்கப்பட்டது' என்றது போன். தண்ணீர் வீசி அடிக்கப்பட்டது. எல்லாக் குழாயையும் அடைத்தார். 'அடைக்கப்பட்டது. அடைக்கப்பட்டது.' கோடு ஏறிக்கொண்டே போனது. அடுக்ககத்தின் முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரைக்கும் தண்ணீரை நிறுத்தும் அதிகாரம் பெற்ற மனிதர், பாத்ரூம் மூலையில் கைப்பிடியைக் கத்திபோலப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கதவுக்கு அடியில் தண்ணீர் வந்தது.

மெல்லிய நாக்கு ஒன்று நுழைந்து, அவருடைய காலைத் தொட்டு, ஒதுங்கி, சாக்கடை வலைக்குப் போனது. போன் வெளிச்சத்தை அடித்தார். கலங்கல். சாமந்தி இதழ்கள். வலையின் ஓட்டைகளில் வெள்ளையாக ஏதோ சிக்கிக்கொண்டு நின்றது. குனிந்தார்.

அரிசி. வேகாத பச்சரிசி.

வாய்க்கரிசி.

நாக்கை மேலண்ணத்தோடு அழுத்திக்கொண்டார். வாயை இறுக மூடிக்கொண்டார்.

துடைப்பம் கதவுக்கு வெளியே வந்து நின்றது. பின்வாங்கியது. ஹாலில் எதையோ இழுத்தார்கள். சாப்பாட்டு மேஜையின் நீள பெஞ்சு. அதன் ஒரு கால் குட்டை, இழுத்தால் கிறீச்சிடும். கிறீச்சிட்டது. தெற்கு வடக்காகத் திருப்பினால் எங்கே முட்டுமோ அங்கே முட்டி நின்றது.

பிறகு வாசம். ஊதுபத்தி. அதற்குப் பின்னால் நல்லெண்ணெய், சீயக்காய். ஷாம்பூ தவிர எதுவும் இல்லாத வீட்டில், உறவுக்காரர்கள் வரிசையாக வந்து கடைசியாக இறந்தவர் தலையில் தொட்டு வைக்கும் எண்ணெயும் சீயக்காயும், யாருடைய உள்ளங்கையிலோ குழைந்து சூடாக மணத்தது.

பால்கனிக் கோடு இறங்கியது. நின்றது.

பெரிய பாத்ரூம், நிற்கிறது. அடுக்களை, நிற்கிறது.

மிச்சம் ஒரே ஒரு கோடு. உயரமானது. எல்லாவற்றுக்கும் முதலில் வர வேண்டியது.

கதவு முனகியது.

ஊதிப்போன மரம் சட்டத்தை விட்டு ஒரு நூல் உள்ளே வந்தது. இவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்று நகம் உடையச் சுரண்டிய கதவின் மேல் கருணாகரன் முழு உடம்போடும் சாய்ந்தார். கைப்பிடி கீழே விழுந்தது. கால்விரல்களைத் தரையில் ஊன்றினார். தரை வழுக்கியது. வெளியே இடியில்லை, உதையில்லை. சீரான, மென்மையான, பல கைகளின் அழுத்தம். தூங்குகிற குழந்தையின் அறைக் கதவைத் தள்ளுவதுபோல.

இடுப்புக்குப் பக்கத்தில் மீட்டர். அதன் சின்னச் சக்கரம் அசைந்தது. சுற்றியது.

முதுகுக்குப் பின்னால், அவர் தொடாத குழாய், அவர் தொடாத பக்கெட்டில் நிறைந்துகொண்டிருந்தது.

திரும்பவில்லை.

போன் அடித்தது. அய்யாதுரை. ஒற்றைக் கையால் எடுத்தார்.

"சார், கார்பென்டர் வந்துக்கினே கீறாரு. திருவான்மியூர்லேந்து மழைல வரணும் இல்ல..."

"எங்கய்யா இருக்க?"

"உன் வீட்டு வாசல்லதான் சார்."

"ஹால் ஜன்னல் தெரியுதா? கொடையால நெம்பித் தொற. உள்ள பாரு."

இரும்புக் கம்பிகளுக்கு நடுவே குடை நுழையும் ஓசை. ஜன்னல் பலகை திறந்தது. குடை தரையில் விழும் சத்தம்.

"அய்யாதுரை."

"சார்... கார்பென்டர் வரட்டும் சார்."

"என்ன தெரியுது?"

"இருட்டா கீது சார். ஒண்ணும் சரியா..."

கதவு இன்னொரு நூல் உள்ளே வந்தது. கால் சறுக்கி, மறுபடி ஊன்றினார்.

"யோவ். இன்னிக்கு எவனும் எனக்கு நேரா ஒரு பதில் சொல்லல. நீயாவது சொல்லுய்யா. விடியக்காலை அவ வந்து இந்தக் கதவைத் தட்டுவா. அதுக்குள்ள எனக்குத் தெரியணும். ஹால்ல பெஞ்சு போட்டிருக்கா?"

"...போட்டுகீது சார்."

"அதுல யாராவது படுத்திருக்காங்களா?"

யாராவது இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். முன்பின் தெரியாத எவராவது. அப்படி வேண்டிக்கொண்டதற்காகத் தன்மேலேயே வெட்கம் வந்தது. அப்படியும் வேண்டிக்கொண்டார்.

பக்கெட் நிறைந்து வழிந்தது.

அய்யாதுரை குரலைத் தாழ்த்திக்கொண்டார். கோயிலுக்குள் பேசுவதுபோல.

"பெஞ்சு காலி சார். தலைமாட்டுல வெளக்கு ஏத்தி வச்சிக்கிறாங்க. எல்லாரும் ஈரத் துணியோட உன் கதவாண்டதான் நிக்கிறாங்க."